படத்தின் மேல் போட்ட பழி

என் அக்கா வீட்டுக்காரர் ராசு ஒரு பயந்தாங்கொள்ளி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஊரே சொன்னதைத்தான் சொல்கிறேன். என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பக்கத்தில் இருக்கும் பனமரத்துப்பட்டிக்கு வருவதற்குக்கூடத் தலைக்கவசம் கேட்பார். சிலிண்டரை மூடினோமா என்ற சந்தேகத்தில் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி ஓடி, வந்த பஸ்ஸைக் கோட்டை விட்ட கதைகள் அவருக்கு நிறைய உண்டு. காய்ச்சிய பாலைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நமக்கெல்லாம் பழமொழி, அந்த மனுசனுக்கு அதுதான் பிழைப்பு.

பிழைப்பு என்று நான் சொல்வது கிணறு தூர் எடுக்கும் வேலையை. வருசக் கணக்கில் ஆள் இறங்காத கிணற்றில் அடியில் கெட்ட காற்று தேங்கிக் கிடக்கும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. இறங்கியவன் பாதி ஏணியில் கண் சொருகி விழுவான். அதனால் ராசு எந்தக் கிணற்றிலும் முதலில் ஒரு அரிக்கேன் விளக்கைப் பற்ற வைத்துக் கயிற்றில் கட்டி இறக்குவார். அடி வரைக்கும் விட்டு ஒரு பீடி குடிக்கிற நேரம் காத்திருப்பார். விளக்கு எரிந்தால் இறங்குவார். அணைந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். கிணற்றுக்காரர் கையைப் பிடித்துக் கெஞ்சினாலும் நடக்காது.

அவர் கல்யாணமான புதிதில், மல்லூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் கிணற்றில் விளக்கு அணைந்துபோனது. இறங்கமாட்டேன் என்றார். தோப்புக்காரர் ஆத்திரத்தில், பொட்டச்சி மாதிரிப் பயப்படுகிறாயே என்று நாலு பேர் முன்னால் திட்டிவிட்டு வேறு ஒரு ஆளை இறக்கினார். அந்த ஆளைப் பிணமாகத்தான் மேலே தூக்கினார்கள். அன்றிலிருந்து சுற்றுப்பட்டில் எந்தக் கிணறானாலும் ராசு வந்து விளக்கு இறக்கிச் சரி என்று சொல்லாமல் யாரும் கால் வைத்ததில்லை. பயந்தாங்கொள்ளி என்ற பெயர் போகவில்லை, ஆனால் அதைச் சொல்லும்போது குரலில் ஒரு மரியாதை சேர்ந்துகொண்டது.

மகன் நவீன்குமார் ஏழு வயதுப் பையனாக இருந்தபோதே அவனைக் கிணற்று மேட்டில் உட்கார வைத்து இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எனக்கு வேடிக்கையாக இருக்கும். மற்ற அப்பன்கள் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பார்கள், இவர் விளக்கு எரிந்தால் மூச்சு இருக்கிறது, விளக்கு அணைந்தால் மூச்சு இல்லை என்று சொல்லிக் கொடுத்தார். பையனும் ஒப்பித்தான். அப்பனுக்கு நேர்மாறான பையன். மரமேறுவான், ஏரியில் குதிப்பான், வண்டியில் முன் சக்கரத்தைத் தூக்குவான். ஆனால் கிணறு என்று வந்துவிட்டால் விளக்கு இல்லாமல் எட்டிக்கூடப் பார்க்கமாட்டான். அந்த ஒரு விசயத்தில் அப்பன் பேச்சு அவனுக்கு வேதவாக்கு.

எல்லாரும் ஆழ்துளைக் கிணறு போட ஆரம்பித்த பிறகு தூர் எடுக்கும் வேலை குறைந்துவிட்டது. ராசு ராசிபுரம் பக்கம் ஒரு சேகோ பேக்டரியில் சேர்ந்தார். நவீனும் ஐடிஐ முடித்துவிட்டு அங்கேயே எலக்ட்ரீசியனாகப் போனான். குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியை அரைத்து மாவு எடுத்து ஜவ்வரிசி ஆக்குகிற இடம். அரைத்த பிறகு மிஞ்சுகிற திப்பியும் கழிவுத் தண்ணீரும் பின்னால் ஒரு ஆழமான தொட்டிக்குப் போகும். அந்தத் தொட்டியின் நாற்றம் ரோட்டில் போகிற பஸ்ஸுக்குள்ளேயே வரும்.

போன வருசம் கிழங்கு சீசனில் அந்தத் தொட்டியில் மோட்டாரின் உறிஞ்சு குழாய் திப்பி அடைத்து நின்றுவிட்டது. யாராவது இறங்கி எடுக்க வேண்டும். முகமூடி இல்லை, இடுப்புப் பட்டை இல்லை. முதலாளிக்கு இருந்ததெல்லாம் அவசரம் ஒன்றுதான். ராசு தன் வழக்கப்படி விளக்கைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். கூட இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். விளக்கை இறக்கினார், காத்திருந்தார். விளக்கு நன்றாக எரிந்தது. கயிற்றை ஒரு கம்பியில் கட்டி விளக்கை அப்படியே தொங்க விட்டுவிட்டு ஏணியில் இறங்கினார். பாதியில் கை நழுவி உள்ளே விழுந்தார்.

பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த நவீன் சத்தம் கேட்டு ஓடி வந்தான். அவன் என்ன பேசினான் என்று அங்கே இருந்தவர்களிடம் நான் பல தடவை கேட்டுவிட்டேன். ஒன்றுமே பேசவில்லை என்கிறார்கள். ஒரு நிமிசம் குனிந்து உள்ளே பார்த்தானாம். செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, வேறொரு கயிற்றின் ஒரு முனையை மேலே நின்றவர்கள் கையில் கொடுத்து மறுமுனையோடு இறங்கினான். அப்பனுடைய இடுப்பில் கயிற்றைக் கட்டினான். மேலே இருந்தவர்கள் இழுத்தார்கள். ராசு வந்துவிட்டார். நவீன் வரவில்லை.

ராசு சேலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு கிடந்தார். அதே ஆஸ்பத்திரியின் பின்கட்டில் மகன் கிடந்தான். விசாரிக்க வந்த அதிகாரி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எனக்கு விளக்கம் சொன்னார். பாழுங்கிணற்றில் காற்று செத்திருக்கும், அதனால் விளக்கு அணையும். இந்த மாதிரிக் கழிவுத் தொட்டியில் விளக்கு எரிவதற்கு வேண்டிய காற்று இருக்கும், ஆனால் அந்தக் காற்றிலேயே விஷம் கலந்திருக்கும். விளக்குக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். அவர் நல்ல மனுசன்தான், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதுபோலப் பொறுமையாகச் சொன்னார். ராசு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துத்தான் நாங்கள் பேசினோம். அவர் தூங்கவில்லை.

மறுநாள் பையனை வீட்டு வாசலில் கிடத்தித் தலைமாட்டில் வழக்கம்போல ஒரு விளக்கு ஏற்றி வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுக் கொள்ளி வைப்பதற்காக அவரைக் கூட்டி வந்திருந்தேன். காரிலிருந்து இறங்கி இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க நடந்து வந்தவர் அந்த விளக்கைப் பார்த்தார். அதை அணைங்க என்று கத்தினார். குரல் கம்மிப்போய்ச் சத்தமே வரவில்லை. பங்காளிகள் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிணத்தின் தலைமாட்டு விளக்கை எவன் அணைப்பான்? அது எரிந்தது. அவர் தள்ளாடித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி எழுதவே எனக்குப் பிடிக்கவில்லை. என் அக்கா தெய்வநாயகி புருசனோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். சண்டையும் இல்லை, ஏச்சும் இல்லை. தட்டில் சோற்றைப் போட்டு அவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். அவர் அதைத் தொடமாட்டார். ஆளே பாதியாகிவிட்டார். எனக்கும் அவர் மேல் கோபம் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? என் மடியில் காது குத்தின பையன் அவன். அஸ்தம்பட்டியில் ஒரு உதிரிபாகக் கடையில் எனக்கு வேலை. அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும்போதே அந்தப் பாழாய்ப்போன விளக்கு கண்ணுக்குள் வந்து எரியும். ஆனாலும் கோபம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். தோட்டத்துப் பக்கம் அவர் தனியாகப் போய்விடக் கூடாது என்று அவருடைய மகள் நிலா பின்னாலேயே அலைந்தாள். பூச்சி மருந்து டப்பாக்களை எல்லாம் நான்தான் எடுத்துக்கொண்டு போய் என் வீட்டில் வைத்திருந்தேன்.

இந்த நிலைமை மாறியது ஒரு படத்தால்.

நவீனுக்கு ஒரு சூப்பர் ஹீரோ படத்தின் மேல் பைத்தியம். இங்கிலீசுப் படம், தமிழில் பேசுவார்கள். முகமூடி போட்ட ஒருவன் ஒரு இயந்திரத்தில் ஏறிக் காலத்தில் பின்னால் போய், நடந்துபோன கெட்டதையெல்லாம் நடக்காமல் செய்யப் பார்ப்பான். படம் வந்தபோது நவீன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்குப் போய்ப் பார்த்தான். அப்புறம் நண்பர்களோடு போனான். அப்புறம் செல்போனில் பார்த்தான். அவனுடைய செல்போன் முகப்பில் சாமி படம் இருக்க வேண்டிய இடத்தில் அந்த முகமூடிக்காரன்தான் இருந்தான்.

அவன் செத்து சில மாதங்கள் கழித்து, ஒரு சாயங்காலம் நிலாவின் செல்போனில் அந்தப் படத்தின் முன்னோட்டம் ஒன்று தானாக ஓடியது. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தற்செயலாகத் திரும்பினாள். ஒரு சுரங்கக் குழி. உள்ளே இருந்து புகை வருகிறது. யாரோ, அப்பா உள்ளே இருக்கிறார் என்கிறார்கள். முகமூடிக்காரன் ஒரு கணம் குனிந்து பார்க்கிறான். குதிக்கிறான்.

அக்கா கீரையைக் கொட்டிவிட்டு எழுந்தாள். வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதாள். பையன் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தானே என் பிள்ளை இப்படிக் குதித்தான், இவனுகதானே என் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தானுக என்று தெருவே கூடும்படி சத்தம் போட்டாள். படம் எடுத்தவன் குலம் விளங்காது என்று மண்ணை வாரித் தூற்றினாள். யாருக்கும் அதை மறுக்கத் தோன்றவில்லை. எனக்கும் சரியாகத்தான் பட்டது. பார்த்தது போலவே இறங்கியிருக்கிறானே பையன்.

அன்று ராத்திரி அவள் புருசனுக்குச் சோறு போட்டுவிட்டு எழுந்து போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டாள். மாதக்கணக்கில் அவள் அவரோடு பேசிய முதல் பேச்சு அதுதான். அவர் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஊற்றச் சொன்னார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் படம்தான் குற்றவாளி. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அக்கா அதைச் சொன்னாள். ராசு மெல்ல மெல்ல ஆளாக ஆனார். ஆட்டுக்குத் தழை அறுக்கப் போனார். தறி ஓட்டுகிற ஒரு வீட்டில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். பூச்சி மருந்து டப்பாக்களைத் திருப்பிக் கொண்டுவந்து வைக்கலாமா என்று நான் நிலாவிடம் கேட்டேன். வேண்டாம் மாமா, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றாள். படத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் மட்டும் அந்தப் பெண் எழுந்து உள்ளே போய்விடுவாள். அண்ணன் நினைவு வந்துவிடுகிறது, பாவம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இந்த வருசம் அந்தப் படம் திரும்பவும் வந்தது. கூடுதல் காட்சிகளுடன் என்று சேலம் முழுக்கச் சுவரொட்டி. பழைய புடவைக்குப் புது முந்தானை தைத்து விற்கிற மாதிரி, பார்த்த படத்தையே கொஞ்சம் நீட்டி மறுபடியும் காசு பண்ணுகிறார்கள் என்று கடையில் பேசிக்கொண்டோம். அதை நான் வாய் தவறி அக்கா வீட்டில் சொல்லிவிட்டேன்.  அடுத்த நாள் ராசு என் கடைக்கே தேடிக்கொண்டு வந்துவிட்டார். தனியாகப் பஸ் ஏறி அஸ்தம்பட்டி வரைக்கும் அவர் வந்ததே எனக்கு ஆச்சரியம்.

“மாப்ள, என்னை அந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போவோணும்” என்றார்.

எதற்கு வம்பு என்றேன். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிக்கொள்ள வேண்டாம் என்று எனக்குத் தெரிந்த விதத்திலெல்லாம் சொன்னேன். அவர் விடவில்லை.

“உங்கொக்கா சொல்றா, ஊரு சொல்லுது. நான் போயி ஒருக்காப் பாத்துப்போட்டன்னா எனக்கு உறுதியாயிரும். அவன் எதப் பாத்துப்போட்டு எறங்குனான்னு எங்கண்ணுல பாக்கோணும். பாத்துட்டன்னா நான் தூங்கிருவேன், மாப்ள.”

அப்போதுதான் அந்த மனுசன் இத்தனை நாளும் தூங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. சோறு தின்கிறார், வேலைக்குப் போகிறார் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். அவருக்கு உள்ளே இன்னும் சந்தேகம் அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. பையன் அந்த ஒரு நிமிசம் குனிந்து பார்த்தபோது எதைப் பார்த்தான்? உள்ளே எரிந்த விளக்கையா? அல்லது மனசுக்குள் அந்த முகமூடிக்காரனையா? படம் என்றால் அவர் பிழைத்தார். விளக்கு என்றால் மகனைக் கொன்றது அவர் சொல்லிக் கொடுத்த பாடம்.

ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சிக்குப் போவதாக முடிவாயிற்று. நிலா கேள்விப்பட்டதும் முகம் வெளுத்துப் போனாள். வேண்டாம் மாமா, அப்பாவைக் கூட்டிப் போகாதீர்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அவர் அழுதுவிடுவார் என்று பயப்படுகிறாள் போலும் என்று நினைத்து, அழுதால் நல்லதுதான் கண்ணு, பாரம் இறங்கட்டும் என்று பெரிய மனுசத்தனமாகச் சொன்னேன். அப்படியானால் நானும் வருகிறேன் என்றாள். அக்கா வரவில்லை. அந்தப் பாவிகள் மூஞ்சியில் நான் முழிக்கமாட்டேன் என்றாள்.

ராசு வெளுத்த வேட்டி சட்டை போட்டுக்கொண்டு, துண்டை மடித்துத் தோளில் போட்டு, எழவு விசாரிக்கப் போகிறவர்போல வந்தார். ஐந்து ரோடு பக்கம் இருக்கிற தியேட்டர். உள்ளே எல்லாம் காலேஜ் பிள்ளைகள். முகமூடி போட்டவன் படம் அச்சடித்த பனியனோடு வந்திருந்தார்கள். எனக்கும் நிலாவுக்கும் நடுவில் ராசுவை உட்கார வைத்தோம். உட்கார்ந்ததும் தலையைத் திருப்பி வெளியே போகும் வழி எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டார். அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

படம் எனக்குப் பிடிபடவில்லை. முகமூடிக்காரன் முந்தின வாரத்துக்குப் போகிறான், முந்தின வருசத்துக்குப் போகிறான். ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கெடுகிறது. எனக்கு நடுவில் தூக்கமே வந்துவிட்டது. ராசு கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் நான் வாங்கிவந்த டீயைக் கையில் வாங்கினாரே ஒழிய குடிக்கவில்லை. இன்னும் அந்த இடம் வரவில்லையா சாமி என்று மகளிடம் கேட்டார். நிலா தலையை மட்டும் ஆட்டினாள். வீட்டுக்குப் போய்விடலாமா அப்பா, தலை வலிக்கிறது என்றாள். நீ வேண்டுமானால் வெளியில் போய் உட்கார்ந்துகொள் சாமி என்றார்.

படம் நீண்டுகொண்டே போனது. கடைசியில் அந்த இடம் வந்தது.

முகமூடிக்காரன் தன் சின்ன வயதுக்குப் போகிறான். சுரங்கக் குழியின் வாயில் கூட்டம். உள்ளே புகை. அப்பன் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறான். இவன் ஒரு கணம் குனிந்து பார்க்கிறான், குதிக்கிறான். ராசு முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அப்பனைத் தோளில் சுமந்துகொண்டு மேலே வருகிறான். வெளியே மண்ணில் கிடத்துகிறான். அப்பன் இருமிக்கொண்டே கண் விழிக்கிறான். தன்னைத் தூக்கி வந்தது யார் என்று தேடுகிறான். அதற்குள் அவன் மறைந்துவிட்டான்.

தியேட்டர் முழுக்க விசில்.  ராசுவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, ஆனால் முகம் தெளிவாக இருந்தது. இத்தனை மாதத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. இதுதான், இதைப் பார்த்துத்தான் என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. சரி, காசு கொடுத்தது வீண்போகவில்லை என்று நினைத்தேன்.

அப்போது பின் வரிசையில் ஒரு பையன் கூட இருந்தவனிடம் சத்தமாகச் சொன்னான்.

“இதுதான்டா புதுசா சேத்த சீனு. மொதல்ல வந்தப்ப இது கெடையாது. அப்ப குழிகிட்டயே போவமாட்டான்.”

ராசு திரும்பிப் பின்னால் பார்க்கவில்லை.  முன் இருக்கையை விட்டுவிட்டு மெதுவாக மகள் பக்கம் திரும்பினார்.

“அண்ணங்கூடப் பாத்தப்ப இது இல்லையா சாமி?”

நிலா பொய் சொல்லியிருக்கலாம். சொல்லிவிடு பிள்ளை, இருந்தது என்று சொல்லிவிடு என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவள் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

“இல்லீங்கப்பா. செல்லுல ஓடுனது இந்தப் புதுசுக்கு வந்த டிரைலருங்க. அம்மா அந்த டிரைலரப் பாத்து அழுதப்பவே எனக்குத் தெரியும். அன்னைக்குத்தான் நீங்க சோறு உண்டீங்க. அதனால சொல்லலீங்கப்பா.”

அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். சரி சாமி, சரி என்றார். திரையில் அந்த முகமூடிக்காரன் ஊரைக் காப்பாற்ற இன்னும் எதையெதையோ செய்துகொண்டிருந்தான். நாங்கள் மூன்று பேரும் முடிவு வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். எழுந்து போக வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

வெளியே வெயில் சுட்டெரித்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது என்னாலும் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு படத்தில் இல்லாவிட்டால் என்ன, பையன் பார்த்த மற்ற படங்களில் இருந்திருக்கும், பெற்ற அப்பன் உள்ளே கிடந்தால் எந்த மகனும் இறங்கத்தான் செய்வான் என்றெல்லாம் உளறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“இல்ல மாப்ள. ஓடியாடித் திரிஞ்சவனாட்டம் இருந்தாலும் இந்த விசயத்துல அவன் குருட்டுத்தனமா எறங்கமாட்டான். குனிஞ்சு பாத்திருக்கான். வெளக்கு எரியுது. அப்பன் சொன்னது பொய்யாவுமான்னு எறங்கிப்போட்டான். பய என்னை நம்பித்தான் எறங்கியிருக்கான்.”

 அத்தனை மாதமாக அவர் மேல் நான் வைத்திருந்த கோபத்தைத் தேடினேன், ஒரு சொட்டுக்கூட இல்லை. என்னைவிட அதிகமாக அவரைத் தண்டிக்க அவரே இருந்தார்.

“அந்த மாதிரி ஒரு மிசினு இருந்தா, அன்னைக்குப் பேக்டரிக்குப் போயி ஒண்ணும் ஆவாது” என்றார். “அன்னைக்குப் போனாலும் நான் வெளக்கத்தான் எறக்குவேன். அவனுக்கு ஏழு வயசாயிருந்தப்ப, கெணத்து மேட்டுல ஒக்கார வெச்சிருந்தேன் பாரு. அந்த நாளைக்குப் போவோணும். வாயை மூடிட்டு அவனக் கூட்டிட்டு ஊட்டுக்கு வந்தறோணும்.”

 பஸ்ஸில் நிலா ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டாள். வீட்டில் இதை எப்படிச் சொல்வது என்ற கவலை எனக்குப் பெரிதாகிக்கொண்டே வந்தது. அக்காவுக்குத் தெரிந்தால் மறுபடியும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போகிற காலம் வந்துவிடும். அப்புறம் அந்த மனுசன் தாங்கமாட்டார். நாம் சொல்ல வேண்டாம், அவரே சொன்னால் என்ன செய்வது?

அக்கா வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றாள். செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை. பார்த்தீர்களா, நான் சொன்னது நிசந்தானே என்று அவர் முகத்தையே பார்த்தாள். நிலா சட்டென்று வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போய்விட்டாள். நான் கால் கழுவுகிற சாக்கில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“நீ சொன்னது நிசந்தான்” என்றார் ராசு. “அப்படியேதான் இருக்குது. குனிஞ்சு பாக்கறான், குதிக்கறான். அதப் பாத்துட்டுத்தான் பய கெட்டிருக்கான்.”

கழுவிய காலையே நான் மறுபடியும் கழுவினேன். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு நிலைப்படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள், படம் எடுத்தவனை மறுபடியும் சபித்தாள். பிறகு முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் இலை போட்டாள். அன்றைக்கென்று கோழிக் குழம்பு வைத்திருந்தாள். மகன் போன பிறகு அந்த வீட்டில் கறி வாசம் வந்தது அதுதான் முதல் தடவை.

அவரை உட்கார வைத்துப் பரிமாறினாள். குழம்பை ஊற்றிக்கொண்டே தலை நிமிராமல் பேசினாள்.

“இத்தனை நாளா மனசுக்குள்ள உங்களத்தான் வைஞ்சுக்கிட்டு இருந்தனுங்க. நீங்கதான் எம்புள்ளயக் கொன்னுட்டீங்கன்னு. வாய் விட்டுச் சொல்லல, அவ்வளவுதான். இன்னைக்குச் சொல்றனுங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க.”

ராசு சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

“ஆமா” என்றார். பிறகு குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். அவள் போடப் போட, வேண்டாம் என்று கையால் இலையை மறைக்காமல், எல்லாவற்றையும் தின்றார்.